மலையகத்துக்கு வண்ணம் வந்தது எப்போது: அப்பாவின் நினைவும் ஆண்டுக் கணக்கும்

“இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சி 1982இல் தொடங்கியபோதே வண்ணத்தில்தான் ஒளிபரப்பியது என்று படித்தேன். ஆனால் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த என் அப்பா, தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரையில் டீவி என்றாலே கறுப்புவெள்ளைதான், கலரை முதலில் தியேட்டரில்தான் பார்த்தேன், அதுவும் ஒரே சிவப்பாக இருந்தது என்கிறார். அவருக்கு நினைவு தடுமாறுகிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தடுமாறவில்லை. நீங்கள் படித்ததும் சரி, அவர் சொல்வதும் சரி, அந்தச் சிவப்பு உட்பட. நானும் அதே பள்ளத்தாக்கில் தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தோட்டம் வரிசையாகக் கட்டிய லயம் என்னும் வீடுகளில் ஒரு காம்பராவில் வளர்ந்து, பின்னர் ஹட்டன் டவுனில் டீவி திருத்தும் கடையொன்றில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால், பார்த்தவனாகவும் பெட்டியைத் திறந்தவனாகவும் இதற்குப் பதில் சொல்ல முடியும். வண்ணம் 1982இலேயே எங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டது. அது லயத்துக்குள் நுழையாமல் நின்றதற்குக் காரணம் ஒளிபரப்பில் இல்லை, கரண்ட் கம்பியில் இருந்தது.

இலங்கையின் முதல் தொலைக்காட்சி நிலையமான சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. அதன் வீச்சு கொழும்பையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாததால், மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அது பத்திரிகையில் படித்த செய்தியாகவே இருந்தது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி, ஜப்பானிய அரசின் உதவியுடன் அமைந்த ரூபவாஹினி தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே, நாட்டின் மிக உயரமான மலையாகிய பிதுருதலாகலையின் உச்சியில், 2524 மீற்றர் உயரத்தில் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டின் தென் பகுதிகளில்கூட அக்காலத்தில் ரூபவாஹினி பார்த்தவர்கள் உண்டு என்றால் அது இந்த உயரத்தின் பயன்தான். இந்தியாவின் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது அதே ஆண்டு ஆகஸ்டில். சில மாதங்கள் முந்திக்கொண்ட பெருமை எங்கள் மலையுச்சிக்கு உண்டு, அதன் அடியில் கொழுந்து பறித்தவர்களுக்கு அது தெரியாமற் போனாலும்.

ஒரே ஒளிபரப்பு ஒரு வீட்டில் வண்ணமாகவும் அடுத்த வீட்டில் கறுப்புவெள்ளையாகவும் தெரிந்தது எப்படி என்பதை விளங்கிக்கொண்டால் உங்கள் கேள்வியின் பாதி தீர்ந்துவிடும். ரூபவாஹினி பின்பற்றியது பால் (PAL) என்னும் வண்ண ஒளிபரப்பு முறை. மேற்கு ஜேர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் என்பவர் வகுத்த இம்முறை 1967இல் ஐரோப்பாவில் ஒளிபரப்புக்கு வந்தது. வண்ணத் தொலைக்காட்சியை வகுத்த பொறியியலாளர்களுக்கு அதற்கு முன்பிருந்தே ஒரு நிபந்தனை இருந்தது: மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் கறுப்புவெள்ளைப் பெட்டிகள் வீணாகக்கூடாது. ஆகவே படத்தின் வெளிச்சத்தை ஒரு சைகையாகவும் (சிக்னலாகவும்), நிறத்தை 4.43 மெகாஹேர்ட்ஸ் அளவில் அதன்மேல் ஏற்றிய இன்னொரு சைகையாகவும் சேர்த்து அனுப்பினார்கள். கறுப்புவெள்ளைப் பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். வண்ணப் பெட்டி இரண்டையும் எடுத்துக்கொள்ளும். வெளிச்சச் சைகையில் சிவப்புக்கு நூற்றுக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 என்று பங்கு வைத்திருந்தார்கள், மனிதக் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் இருட்டாகவும் தெரியும் என்பதால்.

இந்தக் கணக்கு எங்கள் கண்ணில் என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நமது தேசியக் கொடியில் நான்கு நிறங்கள்: சிங்கம் நிற்கும் கருஞ்சிவப்பு, முஸ்லிம்களைக் குறிக்கும் கரும்பச்சை, தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சள், ஓரத்திலும் சிங்கத்திலும் மஞ்சள். இவற்றில் கருஞ்சிவப்பையும் கரும்பச்சையையும் மேற்சொன்ன பங்கின்படி கூட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஆகவே தேசிய கீதத்துடன் திரையில் பறந்த கொடியில் பச்சைப் பட்டையையும் சிங்கத்தின் பின்புலத்தையும் எங்களால் பிரித்தறிய முடியவில்லை. செம்மஞ்சள் பட்டை மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரிந்தது. பாடசாலையில் கொடியைப் பார்த்த பிள்ளைகள் அந்தச் சாம்பலுக்குள் நிறத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இப்படித் தெரிந்த பொருளுக்கு நிறம் வைத்துப் பார்ப்பது சிறுவர்களுக்குப் பழகிப்போன வித்தை. தெரியாத பொருள் வரும்போதுதான் அது கைகொடுக்காது, அதற்குப் பின்னர் வருகிறேன்.

இனி உங்கள் அப்பாவின் லயத்துக்கு வருவோம். எண்பதுகளில் ஒரு தோட்டத்தில் கரண்ட் இருந்த இடங்கள் எவை என்று அவரிடம் கேட்டால் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்: தேயிலை ஸ்டோர் என்னும் தொழிற்சாலை, தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா, கிளாக்கர், டீமேக்கர் போன்ற உத்தியோகத்தர்களின் குவாட்டர்ஸ், தோட்டத்து ஆஸ்பத்திரி. லயங்களில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். இத்தனைக்கும் நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும் பங்கு எங்கள் ஆறுகளிலிருந்துதான் போயிற்று. லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு நீர் தேக்கக் காசல்ரீ, மவுசாக்கலை அணைகள் பின்னர் கட்டப்பட்டன. 1985இல் கொத்மலை அணையும் முடிந்தது. அந்த மின்சாரத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோன உயர் அழுத்தக் கம்பிகள் தேயிலை மலைகளின் மேலாகவே சென்றன. லயம் என்பது தோட்டத்துக்குச் சொந்தமான கட்டடம் என்பதால், அதில் பரம்பரையாகக் குடியிருந்தவர்கூட நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் தாமாகப் போய் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க இயலாது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் இந்த ஏற்பாடு அடிப்படையில் மாறவில்லை. தொழிற்சங்கங்கள் கேட்டும், தொழிலாளர் தாமே பணம் சேர்த்தும், ஒவ்வொரு லயமாக விளக்கு எரிந்ததற்கு நீண்ட காலம் பிடித்தது.

கரண்ட் இல்லாவிட்டாலும் டீவி வந்தது, பெட்டரியில். பன்னிரண்டு அல்லது பதினான்கு அங்குலக் கறுப்புவெள்ளைப் பெட்டிகளின் முதுகில், மின்சார வயரைத் தவிர, 12 வோல்ட் பெட்டரி இணைப்பதற்கும் ஓர் இடம் இருக்கும். கார் பெட்டரியில் அதைக் கொழுவினால் பதினைந்து, இருபது வோட் (watt) சக்தியில் ஓடிவிடும். வண்ணப் பெட்டியை அப்படி ஓட்ட முடியாது. வண்ணப் படக்குழாய்க்குள் மூன்று எலக்ட்ரோன் கற்றைகள் உண்டு. அவை ஒவ்வொன்றும் தனக்குரிய நிறப் புள்ளியில் மட்டுமே விழவேண்டும் என்பதற்காகத் திரைக்குப் பின்னால் துளையிட்ட உலோகத் தகடு ஒன்று இருக்கும். கற்றையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் அது உள்ளே விடும். மிச்சமெல்லாம் தகட்டில் பட்டுச் சூடாகி வீணாகும். அந்த நட்டத்தை ஈடுகட்ட மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும், சக்தியையும் கூட்டவேண்டும். இருபது அங்குல வண்ணப் பெட்டி எண்பது வோட் வரை இழுக்கும். கார் பெட்டரி சீக்கிரமே படுத்துவிடும். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய வண்ணப் பெட்டிகளும் உலகில் இருந்தனதான், ஆனால் தோட்டச் சம்பளத்துக்கு அவை எட்டாதவை. ஆக, 1982இல் தொடங்கிய வண்ணத்தைப் பிதுருதலாகலையின் அடியிலேயே இருந்த லயங்களில் தடுத்து நிறுத்தியது அந்தத் துளைத்தகடும் வராத கரண்டும் சேர்ந்துதான்.

பெட்டரி டீவி என்பது ஒரு தனி வாழ்க்கை. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகும் ஒருவர் பெட்டரியைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடும் கடையில் விட்டு, மறுபடி எடுத்து வரவேண்டும். மூடி சரியாக இறுகாவிட்டால் அசிட் ஒழுகி, ஸ்வெட்டரில் பொட்டுப் பொட்டாய் ஓட்டை விழும். ஸ்டோரில் இரவு வேலை செய்யும் ஒருவருடைய தயவு இருந்தால் அங்கேயே இரகசியமாகச் சார்ஜ் ஏறும். செய்தி பார்ப்பதா, பெட்டரியை வெள்ளிக்கிழமைப் படத்துக்காக மிச்சம் பிடிப்பதா என்பதில் பெரியவர்களுக்குள் சண்டை வரும். பெட்டரி இறங்கும்போது படம் நான்கு ஓரமும் உள்ளே சுருங்கி, முகங்கள் ஒடுங்கி, கடைசியில் நடுவில் ஒரு வெளிச்சக் கோடாகிவிடும். “இன்னும் கொஞ்சம் தாங்கும், வெளிச்சத்தக் குறைங்க” என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் மறுநாள் காலையில் படத்தின் முடிவு என்னவாயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் வழக்கம்.

அந்தக் கறுப்புவெள்ளைப் பெட்டிக்கு முன்னால் ஒட்டுவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் தாளும் கடைகளில் விற்றது. மேலே நீலம், நடுவில் செம்மஞ்சள், கீழே பச்சை. வானம் நீலமாகவும் முகம் சிவந்தும் புல் பச்சையாகவும் தெரியும் என்பது அதை விற்றவரின் கணக்கு. வயல்வெளியில் நின்று பாடும் காட்சிக்கு அது ஓரளவு பொருந்தும். செய்தி வாசிப்பவர் வந்தால் தலைமுடி நீலமாகவும் கோட்டு பச்சையாகவும் இருக்கும். கதாநாயகி கீழே விழுந்து அழுதால் முகமும் பச்சையாகிவிடும். ஆனாலும் சிறுவர்களுக்கு அது போதுமாக இருந்தது. தாள் ஒட்டிய வீட்டை “கலர் டீவி வீடு” என்றே சொன்னார்கள். உங்கள் அப்பாவிடம் இந்தத் தாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

உண்மையான வண்ணத்தை என் வயதுப் பிள்ளைகள் முதலில் கண்டது பெரும்பாலும் கிளாக்கர் குவாட்டர்ஸில்தான். உள்ளே கதிரையில் அந்த வீட்டார். வாசற்படியிலும் சீமெந்துத் தரையிலும் நாங்கள். இன்னும் சிலர் யன்னலுக்கு வெளியே. அந்த ஒழுங்கை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை. ஒளிபரப்பு தொடங்குமுன் சோதனைப் படம் ஒன்று அசையாமல் நிற்கும். லயத்துப் பெட்டியில் அதில் இருந்த பட்டைகள் இடமிருந்து வலமாக வெளுப்பிலிருந்து கறுப்புக்கு இறங்கும் சாம்பல் படிகளாக மட்டுமே தெரிந்தன. கிளாக்கர் வீட்டில் அதே படிகள் மஞ்சள், வெளிர்நீலம், பச்சை, கத்தரிப்பூ, சிவப்பு, நீலம் என்று எரிந்தன. ஒவ்வொரு சாம்பல் படிக்குள்ளும் ஒரு நிறம் ஒளிந்திருந்தது என்பது எனக்குப் பட்டது அப்போதுதான். மேலே சொன்ன 30, 59, 11 கணக்கின்படி வெளிச்சம் கூடிய நிறத்திலிருந்து குறைந்த நிறத்துக்கு அவை அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றேன். நிகழ்ச்சிகளைவிட அந்தப் பட்டைகளைப் பார்க்கவே சிலர் நேரத்தோடு வந்தார்கள் என்றால் நம்புவீர்களோ தெரியாது.

தெரியாத பொருளுக்கு நிறம் வைக்க முடியாது என்று முன்னர் சொன்னேன். ரூபவாஹினியில் தைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் மாற்றித் தந்த வெளிநாட்டுச் சித்திரப்படங்கள் அக்காலத்துப் பிள்ளைகளுக்கு உயிர். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சிங்களம் பேசப் பழகியதில் அவற்றுக்குப் பங்குண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவற்றுள் ‘பிஸ்ஸு பூஸா’ என்ற பெயரில் வந்த பூனைக் கதையை நாங்கள் பெட்டரி டீவியில் பார்த்திருந்தோம். பூனை என்றால் சாம்பல் என்பதில் யாருக்கும் ஐயமில்லை, லயத்தில் அப்படி ஒரு பூனை இருந்ததுவும் காரணம். கிளாக்கர் வீட்டில் பார்த்தால் அது மஞ்சட் பூனை, ஊதாத் தொப்பி, ஊதா மேற்சட்டை. “பூனை மஞ்சளா இருக்குடா!” என்று என் பக்கத்திலிருந்தவன் கத்தியதில் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாடகத்தில் வரும் சேலைக்கோ மரத்துக்கோ இப்படி அதிரவேண்டி வரவில்லை; அவற்றின் நிறத்தை நாங்கள் முன்பே ஊகித்திருந்தோம், பெரும்பாலும் சரியாகவே. யாரோ ஒருவர் மனம்போல் தீட்டிய பூனைக்கு மட்டும் ஊகம் எட்டவில்லை.

வண்ணப் பெட்டி வாங்கியவர்களுக்கும் எல்லா நாளும் வண்ணம் கிடைக்கவில்லை. இதை நான் கடையில் ஆயிரம் பேருக்கு விளக்கியிருப்பேன். இந்த அலைகள் ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்பவை என்பதால், கோபுரம் எவ்வளவு கிட்ட இருந்தாலும் இடையில் ஒரு மலை நின்றால் மறைத்துவிடும். பள்ளத்தில் உள்ளவர்கள் மேட்டில் மூங்கில் நட்டு அன்டெனா கட்டி, நீண்ட வயர் இழுத்து, நடுவில் பூஸ்டர் வைத்துச் சமாளித்தார்கள். எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலை சற்றுப் பிந்தி வருவதால் ஒவ்வொரு உருவத்துக்கும் வலப்பக்கம் ஒரு நிழலுருவமும் தெரியும். சைகை மெலியும்போது முதலில் போவது நிறம். படத்தை வரையும் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் நிறத்துக்கான அளவுகோலாக ஒரு சிறு அதிர்வு வருகிறது. அது போதிய பலத்தில் கிடைக்காவிட்டால் பெட்டியிலுள்ள ஒரு சுற்று நிறப் பகுதியை முழுவதுமாக அணைத்துவிடும், இல்லாவிட்டால் திரையெங்கும் வண்ணப் புழுதி பறக்கும். ஆகவே மழைக்காலத்தில் வயர் இணைப்புக்குள் ஈரம் இறங்கினால் புத்தம்புதிய வண்ணப் பெட்டியும் கறுப்புவெள்ளையாகிவிடும். “கலர் செத்துப் போச்சு” என்று பெட்டியைச் சுமந்து வருபவரிடம், பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு அன்டெனா முனையைச் சுரண்டிக் கட்டச் சொல்வதே பெரும்பாலும் மருந்து.

சினிமாவில் வண்ணம் மலையகத்துக்குத் தொலைக்காட்சிக்கு வெகு முன்பே வந்துவிட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956இல் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் கேவாகலர் என்ற வண்ணச் சுருளில் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. அதன் கதாநாயகன் எம்.ஜி.ஆர். கண்டிச் சீமையில் பிறந்தவர் என்பதை எங்கள் பெரியவர்கள் மறக்காமல் சொல்வார்கள். 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ பிற்பகுதி மட்டும் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. வண்ணச் சுருள் விலை கூடியது என்பதால் இப்படிப் பகுதி வண்ணம், ஒரு பாட்டு மட்டும் வண்ணம் என்று சிக்கனம் பிடித்த காலம் அது. திரை சட்டென்று நிறமாகும் அந்த நொடியில் கலரி என்னும் மலிவு இருக்கைகளில் விசில் பறந்ததை என் அம்மாவின் தலைமுறையினர் இன்றும் சொல்கிறார்கள். 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ டெக்னிகலர் என்ற அச்சு முறையில் எடுத்த பிரதியாக வந்தது. 1962இல் முதல் சிங்கள வண்ணப் படமான ‘ரன்முத்து தூவ’ வெளியானது. 1964க்குப் பிறகு ஈஸ்ட்மென்கலர் என்ற இன்னொரு வண்ணச் சுருளில் பெரிய தமிழ்ப் படங்கள் வரிசையாக வரத் தொடங்கின என்றாலும், எழுபதுகளின் இறுதிவரை கறுப்புவெள்ளைப் படங்களும் நிற்கவில்லை. சுவரொட்டியும் பாட்டுப் புத்தக அட்டையும் எப்போதும் வண்ணத்தில் இருந்ததால், கலர்ப் படம் என்று நம்பி டிக்கட் வாங்கி உள்ளே போய்ச் சாம்பலைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

அப்பா சொன்ன சிவப்புக்கு இப்போது வருகிறேன், ஏனெனில் அது மிகத் துல்லியமான சாட்சி. ஈஸ்ட்மென்கலர் பிரதியில் மூன்று சாயப் படலங்கள் ஒரே சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றில் நீலப்பச்சைச் சாயம் காலப்போக்கில், அதிலும் வெக்கையிலும் ஈரத்திலும் வைத்திருந்தால் விரைவாக, வெளுத்துவிடும், மஞ்சளும் சற்று மங்கும், மிஞ்சுவது செந்நிறம். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் ஏற்பட்டு வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போன பிறகு இந்தியப் படங்களின் வரவு குறைந்தது. ஆகவே ஏற்கெனவே வந்த பிரதிகளே கொழும்பில் ஓடி முடிந்து, பெரிய நகரங்களைச் சுற்றி, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று வருடக்கணக்கில் மலையேறின. அவை எங்களிடம் வந்து சேர்ந்தபோது வானம் ரோசா நிறமாகவும் இலைகள் பழுப்பாகவும் மாறியிருந்தன. படத்தில் மழை பெய்கிறது என்று சொல்வோமே, அந்தக் கீறல்கள்கூட வண்ணப் பிரதியில் பச்சைக் கோடுகளாகத் தெரியும். சுருளின் மேற்படலம் செந்நிறச் சாயம் என்பதால், அது உரசி எடுபட்ட இடத்தில் பச்சை வெளித்தெரிகிறது. டெக்னிகலர் முறையில் அச்சிட்ட பிரதிகள் இப்படிச் சிவப்பதில்லை, அவற்றின் சாயம் நிலையானது. உங்கள் அப்பா சிவந்த படம் பார்த்தார் என்றால், அது அநேகமாக ஈஸ்ட்மென்கலர் காலத்துப் பழைய பிரதிதான். அந்தச் சிவப்பைப் படத்தின் இயல்பான நிறமென்றே எண்ணி வளர்ந்த ஒரு தலைமுறை, அதே படங்களைத் திருத்திய பிரதியில் இன்று பார்க்கும்போது, இது வேறு படம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. தமிழ் வண்ணப் படம் மலையகத்தில் காட்டப்பட்டதை விட, மலையகம் வண்ணப் படத்தில் காட்டப்பட்டது முந்தியது. 1954இல் வெளியான ஹொலிவூட் படமான ‘எலிஃபன்ட் வோக்’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரையின் கதை; டெக்னிகலரில் இங்கேயே வந்து படம்பிடித்தார்கள். 1957இல் வந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்குக் கித்துல்கலையில் களனி கங்கைமீது பாலம் கட்டி அதைத் தகர்த்தார்கள். அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு வரும் பஸ் இன்றும் அந்த இடத்தைக் கடந்துதான் மலையேறுகிறது. எங்கள் மலைகளின் பச்சையை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இருந்தவர்கள் திரையில் பார்த்து ஒரு தலைமுறைக்குப் பிறகும், அந்தப் பச்சைக்குள் வேலை செய்தவர்கள் சாம்பல் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் டெக், அதாவது வீடியோ கசெட் ஓட்டும் கருவி, வந்தது. கலியாண வீடு, சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் டவுனிலிருந்து ஜெனரேட்டரும் வண்ண டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து, கொட்டில் போட்டு, விடியும்வரை படம் போடுவார்கள். லயத்துப் பெண்களில் பலர் வண்ணத்தை முதலில் கண்டது இப்படித்தான், ஏனெனில் கிளாக்கர் வீட்டு வாசற்படி பிள்ளைகளுக்குக் கிடைத்த அளவுக்குப் பெரியவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிறத்தின் தரத்தை மட்டும் கேட்காதீர்கள். வி.எச்.எஸ். கசெட்டில் நிறச் சைகையை ஏறத்தாழ 627 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்கித்தான் பதிவார்கள். நுணுக்கம் அங்கேயே போய்விடும். பிரதியிலிருந்து பிரதி என்று நான்கு கை மாறிய கசெட்டில் சிவப்புச் சேலையின் சிவப்பு சேலைக்குள் நில்லாமல் பக்கத்துச் சுவருக்கு ஒழுகும். 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைப் படங்கள் பலவற்றின் நெகட்டிவ்கள் அழிந்தன. ஆகவே சில இலங்கைப் படங்களை அவற்றின் உண்மையான நிறத்தில் இனிப் பார்க்கவே வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று அப்பா குறிப்பிட்டதும் பொருந்திவருகிறது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை எத்தனையோ லயங்களில் கறுப்புவெள்ளையில்தான் பார்த்தார்கள். வண்ண உடை அணிந்து ஆடிய ஆட்டம் அது. இலங்கை நீலம், அவுஸ்திரேலியா மஞ்சள். நல்ல வேளையாக, வெளிச்சக் கணக்கில் மஞ்சளும் நீலமும் இரண்டு துருவங்கள் என்பதால், வெள்ளையாகத் தெரிந்தவர்கள் அவுஸ்திரேலியர், கறுப்பாகத் தெரிந்தவர்கள் நம்மவர் என்று யாருக்கும் குழப்பமில்லாமல் அரவிந்த டி சில்வாவின் சதத்தைக் கொண்டாட முடிந்தது. சிவப்பும் பச்சையும் மோதியிருந்தால் சிரமப்பட்டிருப்போம்.

அப்பாவின் ஆண்டைச் சரியாகக் கண்டுபிடிக்க விரும்பினால், எப்போது கலர் டீவி பார்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் திட்டமாகப் பதில் சொல்ல மாட்டார்கள். உங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது எந்த வருடம், அப்போது யார் யார் வேலையில் இருந்தார்கள், யாருடைய கலியாணம் அதற்கு முன், யாருடையது அதற்குப் பின் என்று கேளுங்கள். வீட்டில் பழைய மின்சாரப் பட்டியல் ஏதும் இருந்தால் இணைப்புக் கொடுத்த காலத்தை ஊகிக்க அது உதவும். பெட்டரியில் ஓடிய பெட்டி இன்னும் பரணில் கிடந்தால், பின்புறத்தில் 12 வோல்ட் என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பெட்டி வீட்டில் ஓடிய காலம் முழுவதும் அவர் அதில் பார்த்தது அநேகமாகக் கறுப்புவெள்ளைதான். தியேட்டரில் பார்த்த படத்தின் பெயர் அவருக்கு நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். அது ஈஸ்ட்மென்கலரா, டெக்னிகலரா என்று பார்த்து, அந்தப் பிரதி சிவந்திருக்கக் கூடியதா இல்லையா என்பதைச் சொல்லிவிடலாம்.